ஒரு சிட்டிகை பினாப்தலீன்

"என்னங்க, தரை சிவக்குது!"

துவைக்கும் அறையிலிருந்து மனைவி கூவியபோது எழுத்தர் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். மற்ற காலைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடினார். விஞ்ஞானி என்றால் அப்படித்தான் ஓட வேண்டும்.

தரை உண்மையாகவே சிவந்திருந்தது. மிட்டாய் செய்கிறவனே கூச்சப்பட்டுக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் இளஞ்சிவப்பு. வாளி சிவப்பு, துடைக்கும் துணி சிவப்பு, மனைவியின் இரண்டு பாதங்களும் சிவப்பு.

"வெள்ளையா ஏதோ பொடி சிந்திக் கிடந்துச்சு. சலவைச் சோடா போட்டுத் துடைச்சேன். அவ்வளவுதான்."

எழுத்தரின் முகம் மலர்ந்தது. "அது பினாப்தலீன்! சோடா பட்டா சிவக்கும். எவ்வளவு ஒழுங்கா வேலை செய்யுது பாரு!"

"இந்த வீட்டுல அதாவது வேலை செய்யுதே," என்றாள் மனைவி.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் எழுத்தரைக் கைவிட்டிருந்தது. ஆனால் அவர் வேதியியலைக் கைவிடவில்லை. ஐம்பது வயதுக்குமேல் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஓர் ஆய்வகம் திறந்துவிட்டார். ஜாம் பாட்டில்கள், காதுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாய், சமையலறையிலிருந்து மர்மமான முறையில் காணாமல் போன புனல், கண் பாதுகாப்புக்கு ஒரு நீச்சல் கண்ணாடி. அவருக்கு நீச்சல் தெரியாது. அதனால் என்ன, வேதியியலும்தான் தெரியாது.

ஒரே ஒரு சங்கடம். அது வாடகை வீடு. வீட்டுக்காரர் கீழேயே இருந்தார். அவர்தான் எழுத்தர் வேலை பார்க்கும் கட்டட அனுமதி அலுவலகத்தின் மேலாளரும். சுவரில் ஆணி அடித்தாலே தன் நெஞ்சில் அடித்ததுபோல் மாடிக்கு ஓடிவருகிற மனிதர்.

"விஷயம் கீழ்வீட்டுக்குத் தெரிஞ்சுதுன்னு வச்சுக்குங்க, அன்னிக்கே உங்க பாட்டில் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்," என்று மனைவி முதல் நாளே சட்டம் போட்டிருந்தாள்.

"கவலைப்படாதே. இதுக்கு வினிகர்தான் மாத்து," என்று எழுத்தர் ஒரு பாட்டில் வினிகரைத் தரையில் கவிழ்த்தார். சிவப்பு மாயமாக மறைந்தது. மனைவி வாயைப் பிளந்தாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"நாத்தம் குடலைப் பிடுங்குது!" என்று அவள் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். தரை மறுபடி சிவந்தது. இவர் வினிகர் ஊற்றினார், வெளுத்தது. அவள் சோப்பு; சிவந்தது. பச்சோந்தி ஏதேனும் அங்கே நின்று பார்த்திருந்தால் வெட்கப்பட்டு வேலையை விட்டிருக்கும்.

கடைசியில் எழுத்தர் ஒரு முடிவுக்கு வந்தார். தண்ணீர்தானே சனியன்? மிச்சப் பொடியை உலர்ந்த துணியால் தட்டிவிட்டால் தீர்ந்தது. தட்டினார். பொடி மிகவும் கீழ்ப்படிந்து எழுந்து, அவருடைய வெள்ளைச் சட்டையிலும், தோள்பையிலும், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அலுவலகக் கோப்புகளிலும் போய் அமர்ந்தது. வெள்ளையில் வெள்ளை, யார் கண்ணில் படும்? எழுத்தர் திருப்தியோடு இன்னொரு சாக்ஸையும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மதியம் சாப்பிடுமுன் அலுவலகக் குழாயடியில் கை கழுவினார். சோப்பு நுரைத்தது. நுரை சிவந்தது.

பக்கத்தில் நின்ற காசாளரின் சாப்பாட்டு டப்பா கையிலிருந்து நழுவியது.

அந்த அலுவலகத்தில் வேதியியல் படித்தவர் யாருமில்லை. ஆனால் பினாப்தலீனைத் தெரியாதவரும் யாருமில்லை. லஞ்ச ஒழிப்புக்காரர்கள் அந்தப் பொடியை நோட்டில் தடவித்தான் ஆளை அனுப்புவார்கள். வாங்கினவன் கையைச் சோடாத் தண்ணீரில் முக்கினால் சிவக்கும். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அப்படிப்பட்ட படங்களை அலுவலகமே மரியாதையோடு மௌனமாகப் படிக்கும்.

"அண்ணே," காசாளரின் குரல் தரையோடு தவழ்ந்தது. "நீங்களுமா?"

"என்னது நானும்?"

"யாருகிட்ட வாங்கினீங்க?"

பொடியைப் பற்றிக் கேட்கிறார் என்று எழுத்தர் நினைத்தார். "கடையிலதான்."

"கடைக்காரன்கிட்டயா! எவ்வளவு?"

"நூறு கிராம்."

காசாளர் கண்ணை மூடித் திறந்தார். "நாங்கல்லாம் கவர்ல வாங்கிட்டு இருக்கோம். நீங்க எடை போட்டே வாங்குறீங்களா!"

அப்போதுதான் எழுத்தருக்கு உறைத்தது. வீட்டு ஆய்வகம் என்று சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு அடி தள்ளி மேலாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. மூடிக்கொண்டார். சொன்னால் ஆய்வகம் போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். மானம் நாளைக்குக்கூடத் திரும்பி வரலாம். பழைய இரும்புக் கடைக்குப் போன பாட்டில் வருமா?

"தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், வெளியே சொல்லிடாதே," என்று காசாளரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"சேச்சே, நான் சொல்வேனா," என்று காசாளர் தன் கையைக் கழுவினார். சிவந்தது.

"ஐயோ அண்ணே! நேத்து அந்த அடுக்குமாடிக்காரன் கொடுத்தானே, அவன் அவங்க அனுப்பின ஆளா? சின்னக் கவர்ண்ணே! ரொம்பச் சின்னக் கவர்!"

எழுத்தர் தொட்ட கோப்பு, கோப்பைத் தொட்டவர், தொட்டவர் கை குலுக்கியவர் என்று சாயங்காலத்துக்குள் பொடி எல்லாப் பிரிவுக்கும் மாற்றலாகிவிட்டது. அரசாங்கத்தில் வேறெதுவும் அவ்வளவு வேகமாக நகர்ந்து எழுத்தர் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகக் கை கழுவி, ஒவ்வொருவராகச் சிவந்து, ஒவ்வொருவராகக் கேட்காமலே ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் யாரும் கையே கழுவவில்லை. கரண்டியால் சாப்பிட்டார்கள். கரண்டி இல்லாதவர்கள் பசியில்லை என்றார்கள். குழாயடிச் சோப்பு காய்ந்து வெடித்தது. அனுமதி கேட்டு வந்தவர் கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டால்கூட எதிரிலிருந்தவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "வேண்டாம், வேண்டாம், கையெழுத்துப் போட்டாச்சு, எடுத்துட்டுப் போங்க!" என்று அலறினார். வருஷக்கணக்கில் தூங்கிய கோப்புகள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து நடந்தன.

எழுத்தருக்கு மனசாட்சி உறுத்தியது. ஒரு சின்னக் குப்பியில் வினிகர் கொண்டுபோய்க் காசாளரிடம் ரகசியமாகக் கொடுத்தார்.

"ரெண்டு சொட்டு விட்டுத் தேய். போயிடும்."

போனது. காசாளர் தன் வெளுத்த விரல்களையும் எழுத்தரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே! இத்தனை வருஷமா நீங்க ஒரு தடவைகூட மாட்டாத ரகசியம் இதுதானா!"

"நான் வாங்கவே இல்லப்பா. அதான் மாட்டல."

"ஆங், அப்படித்தான் சொல்லணும்! முகத்தை இப்படியே வச்சுக்கிட்டுச் சொல்லணும்! பாத்து நாங்கல்லாம் கத்துக்கணும்ணே!"

அரைமணி நேரத்தில் எழுத்தரின் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. இருபத்தைந்து வருஷம் நேர்மையாக இருந்ததற்கு அந்த அலுவலகம் அவருக்குக் கொடுத்தது கால் ஆடுகிற ஒரு நாற்காலி. திருடன் என்று தெரிந்த அன்றே முதுகு சாயும் நாற்காலி வந்தது. மின்விசிறி அவர் பக்கம் திரும்பியது. கேட்காமலே தேநீர் வந்தது, அதுவும் தட்டோடு. நேர்மைக்கு ஏன் இப்படி ஆள் சேரவில்லை என்று அவர் யோசித்தபடி குடித்தார். தேநீர் நன்றாகவே இருந்தது.

மேலாளர் அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் குரலில் கோபத்தைவிட மனவருத்தமே அதிகம் தெரிந்தது.

"என்னய்யா, என் வீட்டு மாடியில இருந்துக்கிட்டு எனக்கே தெரியாமயா?"

எழுத்தர் திடுக்கிட்டார். தெரிந்துவிட்டது! இனி மறைத்து என்ன பயன்? உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்தால் ஆய்வகமாவது பிழைக்கும்.

"மன்னிச்சுடுங்க சார். ரொம்ப நாள் ஆசை. கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தேன்."

"எங்கே வச்சிருக்க?"

"துவைக்கிற ரூம்ல சார்."

"அங்கேயா! அலமாரியிலயா?"

"பாட்டில்ல சார். எல்லாம் இறுக்கமா மூடித்தான் வச்சிருக்கேன்."

"பாட்டில்லயா!" மேலாளருக்கு மூச்சு வாங்கியது. தான் பணத்தை மெத்தைக்குள் வைத்துத் தைக்க எவ்வளவு சிரமப்பட்டோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "எத்தனை பாட்டில்?"

"ஒரு நாப்பது இருக்கும் சார். இன்னும் வாங்கணும்."

"இன்னுமா!"

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். சொன்னா விடமாட்டீங்கன்னு பயம்."

"பங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நீங்களும் வர்றதா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான் சார். ஞாயித்துக்கிழமை வாங்க, சேர்ந்தே பண்ணலாம். இன்னொரு நீச்சல் கண்ணாடி வாங்கிடறேன்."

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நெஞ்சழுத்தத்தை அவர் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை. "நீ போ," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"மனுஷன் தங்கம்!" என்று எழுத்தர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு வார்த்தை திட்டலையே!"

"திட்டாத வீட்டுக்காரரா? அப்ப ஏதோ விவகாரம்தான்," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலாளர் வந்தார். கூடவே லஞ்ச ஒழிப்பு அதிகாரியும் வந்தார். வாசலில் நின்ற அதிகாரி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நீதானா அந்த ஆளு? துவைக்கிற ரூம் எங்கே?"

மனைவி கணவனைப் பார்த்தாள். "இரும்புக் கடைக்காரருக்கு இப்பவே போன் போடவா, இவங்க போனதும் போடவா?"

துவைக்கும் அறைக் கதவின் பிடி எப்போதும் இறுகிக்கொள்ளும். எழுத்தர் தினமும் பொடிக் கையால் அதைத் திருகித் திருகி அது மாவு பூசியதுபோல் இருந்தது. அதிகாரி இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கித் திறந்தார்.

உள்ளே பாட்டில்கள் வரிசையாக நின்றன. அதிகாரி முதல் பாட்டிலின் மூடியைத் திறந்து, நோட்டு வாசனை தேடி மூக்கை நுழைத்தார். அது அம்மோனியா. கொஞ்ச நேரம் அவருக்கு அரசாங்கமே மறந்துபோயிருக்கும். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது.

"பணம் எங்கேய்யா?" என்று மேலாளர் பாட்டில் பாட்டிலாகக் குலுக்கிப் பார்த்தார். பணம் இல்லை. ஒன்றில் நீலமாக ஏதோ இருந்தது. ஒன்று அவர் செருப்பின் மேல் சொட்டி, செருப்பு புகைந்தது.

"ஆசிட்! என் வீட்டுல ஆசிட்! சாயங்காலத்துக்குள்ள சட்டிபானையோட வெளியே போகணும், சொல்லிட்டேன்!"

எழுத்தர் நாற்பது பாட்டில்களையும் ஒருமுறை கண்ணால் தடவிக்கொடுத்தார். பிறந்த வீட்டைவிட்டுப் பெண்ணை அனுப்புகிற தகப்பன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

"இருங்க," என்றார் அதிகாரி மூக்கை உறிஞ்சியபடி. வெறுங்கையோடு திரும்பிப் பழக்கமில்லாதவர் அவர். "பணம் கிடைக்கலைன்னா என்ன, கை இருக்கே. கையைக் கழுவிப் பாத்துடுவோம்." தோள்பையிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தார். கொண்டுவந்திருந்த சோடாத் தண்ணீரை ஊற்றினார். அது ஊற்றுநீர்போல் தெளிந்திருந்தது.

"முறைன்னு ஒண்ணு இருக்கு. தண்ணியில சூது இல்லன்னு காட்ட முதல்ல நான் என் கையை முக்குவேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் உன் கை."

சட்டைக் கையை மடித்துவிட்டு, பத்து விரல்களையும் கம்பீரமாக முக்கினார்.

தண்ணீர் சிவந்தது.

மேலாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தன் பத்து விரல்களையும் யாரோ ஒருவருடையதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் முகத்திலிருந்த நிறமெல்லாம் கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது.

"அட, இவருக்குமா?" என்றாள் வாசலில் நின்ற மனைவி.

அதிகாரி மேலாளரின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் கீழே போய் இருங்க," என்று வெளியே நகர்த்தினார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றியும் சிவந்தது.

எழுத்தருக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "அது ஒண்ணுமில்லீங்க. அந்தக் கதவுப் பிடியில என்னன்னா..." என்று விளக்க ஆரம்பித்தார்.

அதிகாரி ஈரம் சொட்டும் சிவந்த கைகளைக் கூப்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சார், நீங்க எங்களையே கண்காணிக்கிற ஆளுன்னு தெரியாம வந்துட்டேன், உங்களைப் பிடிக்கச் சொல்லி உங்க மேலாளர் கொடுத்த கவரை, சத்தியமா நான் இன்னும் பிரிக்கக்கூட இல்ல, சார்!"