கரினா நெபுலாவும் கோதண்டம் வீட்டு மாடியும்

தெற்கு வானத்தின் மேல் ஆசை வைக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அங்கே இருக்கிற அழகான சமாச்சாரமெல்லாம் தாழ்வாகவே இருக்கும். தலைக்கு மேல் வரும் நட்சத்திரங்களை ரசிக்கிறவர்கள் டெலஸ்கோப்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கௌரவமாக வாழ்ந்துவிடலாம். கரினா நெபுலாவைப் பார்க்க வேண்டுமென்றால் குழாயைக் கிட்டத்தட்டப் படுக்கப்போட வேண்டும். கள்ளக்குறிச்சியில் எங்கள் மொட்டைமாடியில் அப்படிப் போட்டால், அது நேராகப் பின்தெரு கோதண்டம் வீட்டு மூன்றாவது மாடியைக் குறிபார்க்கும். அங்கே சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத பையன்கள் குடியிருந்தார்கள்.

எனக்கும் அப்போது கல்யாணமாகவில்லை. (இதற்குமேல் விளக்க வேண்டுமா என்ன?)

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அப்பாவுக்கு போர்வெல் மோட்டார் கடை. கடையில் மீந்த பிவிசி குழாயில், தபாலில் வரவழைத்த கண்ணாடியைப் பொருத்தி நானே செய்த டெலஸ்கோப். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற குழாய் கழன்று கிடக்கிற மாதிரி தெரியும். எனக்கோ அதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் பூமியில் இல்லை என்று நினைப்பு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் தெற்கு வானத்தைப் பார்ப்பதற்கென்றே கப்பல் ஏறிப் போனார்களாம். நான் மாடிப்படி ஏறினால் போதும். அந்தத் திமிர் என்னிடம் ஜாஸ்தி.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிஷிவந்தியத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. கரும்பு போடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்குத் திருக்கோவிலூரில் வேளாண்மை அலுவலகத்தில் வேலை. பஸ் தாமதமாகி, அவர்கள் வந்து சேரும்போதே இருட்டிவிட்டது. நான் சமையலறையில் பட்டுப்புடவையோடு, காபித் தட்டுக்காகக் காத்து நின்றேன். காபி கொதிப்பதற்குள் கோதண்டம் வந்துவிட்டார்.

நல்ல மனிதர். குரலை உயர்த்தக்கூட மாட்டார். கூடத்தில் புதியவர்கள் இருப்பதைக் கவனிக்காமல், வாசலில் நின்றபடியே அப்பாவிடம் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு பொழுது சாஞ்சா அந்தக் கொழாய எங்க மாடிப் பக்கமா திருப்பி வெச்சிக்கினு பாக்குதுங்க. பசங்க துண்டோட வெளிய வர முடியல. வூட்ட காலி பண்றோம்னு சொல்றானுங்க."

மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைப் பாதி கடித்த நிலையில் நிறுத்திக்கொண்டார். என் அப்பா மின்விசிறியை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தார்.

அடக்கமான பெண்ணாக இருந்தால் உள்ளேயே நின்றிருப்பாள். நான், அம்மா பிடித்த முந்தானையை உருவிக்கொண்டு கூடத்துக்கு வந்து வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். நான் பார்ப்பது பையன்களை அல்ல, ஏழாயிரத்துச் சொச்சம் ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறக்கிற மேகம். அது பையன்களுக்கு மேலே இருப்பது இயற்கையின் ஏற்பாடு. சந்தேகமிருந்தால் எல்லோரும் மாடிக்கு வாருங்கள், காட்டுகிறேன். மாப்பிள்ளையை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோதண்டத்தை மட்டும்தான் முறைத்தேன்.

இருட்டு இருந்தால்தான் நெபுலா தெரியும் என்று படியில் எரிந்த பல்பு முதற்கொண்டு எல்லாவற்றையும் அணைத்தேன். பின்னால் யாரோ தண்ணீர்த் தொட்டியில் முழங்காலை இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. (மாப்பிள்ளைதான்.) குழாயைத் திருப்பி நெபுலாவைப் பிடித்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவை முதலில் பார்க்கச் சொன்னேன். மங்கலாக இருந்தால் இந்தத் திருகைத் திருப்புங்கள், தெளியும் என்றேன். பதற்றத்தில் ஒன்றை மறந்திருந்தேன். ஸ்டாண்டின் நட்டை முடுக்கவில்லை. குழாயின் முனை மெல்லக் கீழே இறங்கியிருந்தது.

அவர் பொறுமையாகத் திருகினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

"ஒரு தம்பி தலைகீழா நின்னுக்கினு பல்லு வெளக்குதும்மா. இடுப்புல துண்டு."

அந்த மாதிரி டெலஸ்கோப்பில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிற பையன் அந்த நேரத்தில்தான் பல் துலக்குவான். கோதண்டம் 'நான் சொன்னேன் இல்லையா' என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்துவிடலாமா என்று யோசித்தேன்.

அந்த அம்மா மட்டும் கண்ணை எடுக்கவில்லை. "நொர கூட தெளிவா தெரியுது. நல்ல கண்ணாடி. நீயே செஞ்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, நீ சொன்னியே, அத காட்டு இப்ப."

அன்றைக்கு அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இறங்கிப் போயிருந்தால் நான் டெலஸ்கோப்பை மறுபடி போர்வெல்லுக்கே கொடுத்திருப்பேன். நட்டை முடுக்கி, குழாயைத் தூக்கி நிறுத்தினேன். சாம்பல் நிறத்தில் பரவிய புகை, அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுப்புப் பிளவு, நடுவே ஆரஞ்சாக ஒரு நட்சத்திரம், சுற்றிலும் பொடிப்பொடியாக நூறு. அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கரும்புத் தோட்டத்துல காஞ்ச எலைச் சோகைய கொளுத்துனா, பொகைக்குள்ள பொறி பறக்கும் பாரு. அது அப்படியே நின்னுட்ட மாதிரி இருக்குது," என்றார் கடைசியில். அதற்குச் சமமாக ஒரு வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்து மாப்பிள்ளையின் அப்பா பார்த்தார், என் அப்பா பார்த்தார், கோதண்டமும் பார்த்தார். பார்த்தவர் அங்கிருந்தபடியே தன் மாடிப் பையன்களைக் கூப்பிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். பையன்கள் சட்டை மாட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கே வந்து வரிசையில் நின்றார்கள். பல் துலக்கியவன் இரண்டு முறை பார்த்தான். பக்கத்திலிருந்த நட்சத்திரக் கொத்தைக் காட்டியபோது வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

மாப்பிள்ளை மரியாதைக்காரர். எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நின்றார். அவருடைய முறை வந்தபோது கல்வராயன் மலைப்பக்கமிருந்து மேகம் ஏறி வானத்தை மூடிவிட்டது. அடுத்த நிமிஷம் மழை. இடி விழுந்து கரண்ட்டும் போனது. எல்லோரும் தடவிக்கொண்டே இறங்கி, இருட்டிலேயே ஆறிப்போன கேசரியைத் தின்றுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று பஸ்ஸிலேயே மாப்பிள்ளையின் அம்மா முடிவு சொல்லிவிட்டாராம்.

இன்றைக்கும் கோடை வந்தால் டெலஸ்கோப்போடு கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்குக் குடும்பமாகப் போகிறோம். என் மாமியார்தான் முதலில் பார்ப்பார். எது எங்கே என்று கண்டுபிடிப்பது அவருக்கு இப்போது என்னைவிட வேகமாகக் கைவரும். சொந்தத்தில் யாராவது பெண் பார்க்கக் கிளம்பினால், என் கணவர் மாப்பிள்ளைப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, அன்றைக்கு இடித்துக்கொண்ட முழங்காலைத் தடவியபடி ஒரே ஒரு யோசனை சொல்வார்:

"கையில ஒரு டார்ச்சு எடுத்துக்கினு போப்பா. எனக்கு அந்த புத்தி இல்லாம போச்சு."