மாப்பிள்ளை எடுத்த சுருட்டு வீடியோ

நகரி,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை சுரேஷ்பாபு அவர்களுக்கு, மாமனார் வேதாச்சலம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்கள் நலம் என்பது கேட்காமலேயே தெரியும். என் சம்சாரம் கமலம்மா உங்கள் திருப்பதி வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் சமைத்துப் போடும்போது உங்களுக்கென்ன குறை. போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் வாய் தவறி மரியாதைக் குறைவாக ஏதாவது வந்துவிடும், வீட்டு மாப்பிள்ளையை அப்படிப் பேசக் கூடாது. கடிதமென்றால் எழுதியதை அடித்துவிடலாம். முதல் தாளில் அடித்தது போக மிச்சம் உங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. இது இரண்டாவது தாள்.

போன மாதம் என் மகள் தேவசேனாவை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். விருந்து முடிந்தது. தறிக்கூடத்தில் நூல் இருப்பதால் அங்கே நெருப்புப் பற்ற வைக்க மாட்டேன், வழக்கம்போல் பின்பக்கம் டிரான்ஸ்பார்மர் ஓரமாகப் போய்ச் சுருட்டை எடுத்தேன். நீங்கள் கையில் போனோடு பின்னாலேயே வந்தீர்கள். "மாமா, நல்ல சுருட்டு, கெட்ட சுருட்டுன்னு எத வெச்சி சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். நாற்பது வருஷமாக நான் சுருட்டுப் பிடிக்கிறேன், இதை ஒரு ஆளும் என்னிடம் கேட்டதில்லை. அதனால்தான் ஏமாந்தேன். காதோரம் உருட்டினால் இலை சரசரக்க வேண்டும், ஆனால் நொறுங்கக் கூடாது. விரலால் அழுத்தினால் ஓரிடம் கல், ஓரிடம் பஞ்சு என்று இருக்கக் கூடாது. வட்டமாக எரிய வேண்டும். சாம்பல் வெளுப்பாக, தட்டும்வரை உதிராமல் நிற்க வேண்டும். தினம் வேலை செய்கிறவன் தினம் வாங்குகிற விலையில் இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல நீங்கள் பையிலிருந்து மூன்று சுருட்டை எடுத்தீர்கள். திருப்பதியில் வாங்கிய, தங்கக் காகித மோதிரம் போட்ட ஒன்று. பலமனேர் சந்தையில் வாங்கிய ஒன்று. நான் தினம் வாங்குகிற, நம் பஸ் ஸ்டாண்டு கிருஷ்ணம்மா கடைச் சுருட்டு ஒன்று. இந்த ஏற்பாடு முன்கூட்டியே செய்தது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றையும் பிடித்தேன், தீர்ப்பும் சொன்னேன். மோதிரம் போட்டதை இழுப்பதற்குப் பதில் அடைத்த குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் இழுக்கலாம் என்றேன். கிருஷ்ணம்மா சுருட்டு முன்னே மாதிரி இல்லை, இலை காய்வதற்குள் சுருட்டிவிடுகிறாள், நடுநரம்பைக் கூட உருவுவதில்லை, ஒரு பக்கமாகவே எரிகிறது என்றேன். பலமனேருக்கு முதலிடம் கொடுத்தேன். நம் இருவருக்குள் பேசுகிற பேச்சு என்று நினைத்துச் சொன்னது அது. நீங்கள் அதற்குப் பாட்டுப் போட்டு, என் தலைக்கு மேல் கிரீடம் வரைந்து, ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டீர்கள். ஸ்ரீசிட்டி கம்பெனியில் உங்களுக்கு வேலையே கொடுப்பதில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, நீங்கள் மாப்பிள்ளை.

மறுநாள் காலை கிருஷ்ணம்மா கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"சுருட்டு இல்லண்ணா," என்றாள் கிருஷ்ணம்மா.

"ஜாடி நெறைய இருக்குதேம்மா."

"அது மனுசங்க புடிக்கிறது. நீ இப்ப ஜட்ஜி. ஜட்ஜிக்கி இங்க சரக்கு இல்ல."

"தெரியாம சொல்லிட்டேன்."

"தெரிஞ்சிதான் சொல்லிக்கினு இருக்கிற. கையி ஆட்டி ஆட்டி சொல்றியே. நரம்பு உருவலியாம். எம் மருமவ கூட போன் பண்ணி கேக்குறா."

இத்தனை வருஷமாக 'வா அண்ணா' என்று முதல் சுருட்டை எனக்கென்று எடுத்து வைக்கிற பெண் அவள். இப்போது நான் அந்தப் பக்கம் போனால் கடையின் பாதிக் கதவைச் சாத்துகிறாள். சுருட்டுக்காக ஆட்டோ பிடித்து அடுத்த ஊருக்குப் போகிற நிலைமைக்கு உங்கள் மாமனார் வந்துவிட்டேன்.

அதோடு விட்டதா. பலமனேரிலிருந்து சிரஞ்சீவி என்று ஒருவர், அந்த முதலிடச் சுருட்டைச் செய்கிறவர், பஸ் ஏறி வந்துவிட்டார். தறிக்கூடத்துக்குள் நுழைந்து எனக்குச் சால்வை போட்டார். சால்வை நுனி நூலில் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. "மீரு செப்பிந்தே கரெக்டு சார், நீங்க சொன்னதுதான் சரி, எங்க சுட்டாவ, எங்க சுருட்ட, இந்த லோகத்துல ஒருத்தராச்சும் புரிஞ்சிக்கினாரே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவம், நல்ல மனிதர். ஆனால் என் படம் போட்டு பேனர் அடிக்கப் போகிறாராம். அவர் போனதும் சாந்திபுரத்திலிருந்து ஒருவர், நாயுடுபேட்டையிலிருந்து ஒருவர். எல்லோரும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, "ஒண்ணே ஒண்ணு புடிச்சி சொல்லிடுங்க" என்கிறார்கள். ஒருவருடையதைப் பிடித்துவிட்டு இன்னொருவருடையதை மறுத்தால் அது நியாயமா. பிடித்தேன். சாயங்காலம் எனக்குத் தறி நாலும் எட்டாகத் தெரிந்தது. டிரான்ஸ்பார்மர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன், அங்கேயே படுத்துவிட்டேன். கரண்டு ஆபீஸ் ஆள் ஒருவர் நான் ஷாக் அடித்துச் செத்துவிட்டதாக நினைத்து லைனை நிறுத்திவிட்டார். தெரு முழுக்கத் தறி நின்றது. அத்தனை தறிக்காரர்களும் வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டு நான் எந்தச் சுருட்டைப் பிடித்தேன் என்று விசாரித்தார்கள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். உங்கள் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். பேச்சு வேகத்தில் அந்த வீடியோவில், "எங்க வூட்டம்மாவுக்கு இந்த வாசன புடிக்கும், ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல" என்று சொல்லியிருக்கிறேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதை நீங்கள் வெட்டியிருக்கக் கூடாதா. அவள் அதைப் பார்த்துவிட்டுப் புடவைகளைப் பையில் மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"இன்னா பண்ற?" என்றேன்.

"திருப்பதி போறேன். அந்த வாசன எனுக்குப் புடிக்கும்னு உனுக்கு யார் சொன்னது?"

"நீ வேணாம்னு ஒண்ணும் சொன்னதில்லியே."

"நீ கேட்டியா?"

அவ்வளவுதான். அடுப்படியைக் காட்டி, "ரசம் கீது, சுட வெச்சி துன்னு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த ரசத்தை அன்றைக்கே குடித்துவிட்டேன். இப்போது நான் ஓட்டலில் சாப்பிடுகிறேன், அங்கேயும் சர்வர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

ஆகவே மாப்பிள்ளை, கண்டிப்பாக எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. அந்த வீடியோவை இன்றைக்கே அழித்துவிட வேண்டும். உங்கள் அத்தையை உடனே பஸ் ஏற்றி அனுப்ப வேண்டும். நான் நேற்றோடு சுருட்டை விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். எழுத்து நடுங்கியிருந்தால் அது கோபத்தால்தான், வேறு காரணமில்லை. இனிமேல் நீங்கள் நம் வீட்டுக்கு வரும்போது போனைத் தெருவாசலில் விட்டுவிட்டு வாருங்கள். இதில் எதையும் மாற்றிக்கொள்கிற உத்தேசம் எனக்கில்லை.

நீங்களும் தேவசேனாவும் பிள்ளைகுட்டி பெற்று, ஏழுமலையான் புண்ணியத்தில் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல், மாமனாருக்கு வாய்க்காத நிம்மதியோடு பல்லாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்,
வேதாச்சலம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடப் போகும் வழியில் கிருஷ்ணம்மா கூப்பிட்டாள். அவளாகவே கூப்பிட்டாள். போனைக் காட்டினாள். அதில் என் சம்சாரம், உங்கள் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறாள். அதே மூன்று சுருட்டையும் ஊதுவத்தி மாதிரி அரிசி நிரப்பிய டம்ளரில் குத்திப் பற்ற வைத்திருக்கிறீர்கள். "புடிக்கிறவரு வாய வெச்சி சொன்னாரு, கூட குடித்தனம் பண்ணவ மூக்க வெச்சி சொல்றேன்" என்று ஆரம்பிக்கிறாள். மோதிரம் போட்டது கொசுவை விரட்டும், விருந்தாளியையும் விரட்டும். பலமனேர் சுருட்டு வாசனை வெந்நீரில் ஊற வைத்தாலும் துண்டை விட்டுப் போகாது, தலைகாணியில் மறுநாள் வரைக்கும் நிற்கும். கிருஷ்ணம்மா சுருட்டு வாசனை ஜன்னலைத் திறந்தால் போய்விடும், இலை மட்டும் இன்னும் இரண்டு வெயில் காயட்டும். மூன்றுமே தனக்குப் பிடிக்காது, யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று முடிக்கிறாள். கிருஷ்ணம்மா கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மூன்று தடவை பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. என் தீர்ப்பு பாதித் தீர்ப்புதான்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன், இரண்டாவது தாளும் தீர்ந்துவிட்டது. எந்த வீடியோவையும் அழிக்க வேண்டாம். அத்தையைப் பஸ் ஏற்றவும் வேண்டாம். கடிதம் முன்னால் வந்து சேரட்டும், வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நானே வருகிறேன். நான் எந்தச் சுருட்டைப் பிடிக்கலாம், இல்லை பிடிக்கவே வேண்டாமா என்று நீங்கள் அவளிடம் கேட்டு வைக்காதீர்கள். அதை நான் நேரில் வந்து கேட்கிறேன்.