ஏ பிரிவுக்குக் கடலைமிட்டாய், பி பிரிவுக்குச் சாக்பீஸ்

உசிலம்பட்டிப் பக்கத்தில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று ஒன்றை அமைத்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அதுவும் என் அக்கா வாக்கப்பட்ட ஊரில்! (அப்போது எனக்கு மீசை நன்றாக வளர்ந்திருந்தது. அறிவுதான் கொஞ்சம் தாமதம்.)

மதுரையில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேடு தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் எனக்காகக் காத்திருந்த ஆசிரியர் வேலை. பின்னக் கணக்கைக் கடலைமிட்டாயை வெட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும் என்பது என் கண்டுபிடிப்பு. ஒரு வகுப்புக்கு மிட்டாயோடு பாடம். இன்னொன்றுக்கு வழக்கம்போல் கரும்பலகை; ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் இதற்குத்தான் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். கடைசியில் இரண்டுக்கும் ஒரே பரீட்சை. மிட்டாய் வகுப்பு முந்தினால் அதுதான் சான்று. முந்தும் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம். ஆரம்பிக்கும் முன்பே முடிவுரையை எழுதி வைத்துவிட்டேன்.

அந்த ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இரண்டு பிரிவுகள். என் விருப்பு வெறுப்பு நுழையக் கூடாதல்லவா? தலைமையாசிரியர் முன்னால் நாணயத்தைச் சுண்டினேன். மிட்டாய் ஏ பிரிவுக்கு விழுந்தது. அக்கா மகள் தேன்மொழி பி பிரிவு. நேர்மையான ஆராய்ச்சியாளன் என்று என் நெஞ்சு நிமிர்ந்தது. சாயங்காலம் வரை நிமிர்ந்தே இருந்தது.

“ஏண்டா, தாய்மாமன் நீயே பள்ளிக்கூடத்துல நின்னுக்கிட்டு, ஊரான் புள்ளைகளுக்கு மிட்டாய், எம்புள்ளைக்குச் சாக்பீஸ் தூசியா?” என்றாள் அக்கா.

“அது கட்டுப்பாட்டுக் குழுக்கா. அதுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. அதான் ஆராய்ச்சி.”

“ஒண்ணும் குடுக்காம இருக்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? அப்ப ஒன் மச்சான் கல்யாணம் ஆனதுல இருந்து என்னைய ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காரு.” (மச்சான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.)

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சாதாரண ஆள் இல்லை. காது குத்த அவன் மடி, சடங்குக்கு அவன் சீர். அப்படிப்பட்டவனின் கை சொந்த அக்கா மகளைத் தாண்டி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மிட்டாய் நீட்டினால் ஊர் பேசாதா? பேசியது. பி பிரிவுத் தாய்மார்கள் அக்கா வீட்டில் கூடினார்கள். பள்ளி வாசலில் கோஷம் போட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். அவர்கள் பாடம் நடத்தினார்கள்! பள்ளி விட்டதும் நான் அக்காவுக்குப் பயந்து மதுரை பஸ்ஸில் ஏறிவிட, பின்னால் வீட்டுக்கு வீடு தோசையை அரையாகவும் காலாகவும் அறுத்துப் பின்னக் கணக்கு நடந்திருக்கிறது. ஏ பிரிவில் படிக்கும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளைப் பிடித்து அன்றைய பாடத்தைக் கறந்துவிடுவார்களாம். (அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். என் ஆராய்ச்சிப் புத்தகத்தில் இதற்கு மருந்து எழுதவில்லை.)

பரீட்சை நாள் வந்தது. ஏ பிரிவு பேனாவைத் திறக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“எழுதுங்கப்பா!”

“மிட்டாய் இன்னும் வரலையே சார்.”

பக்கத்து அறையில் பி பிரிவு கூடுதல் தாள் கேட்டுக்கொண்டிருந்தது.

திருத்திப் பார்த்தால் பி பிரிவு எங்கேயோ போய்விட்டது. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய வந்த நண்பன் முருகேசன் ஆறுதல் சொன்னான்: “இதுக்குப் போயி அழுகுறியே மாப்ள. ஏ-வ பி-ன்னு அடிச்சிருவோம், பி-ய ஏ-ன்னு அடிச்சிருவோம். உசிலம்பட்டி வரைக்கும் யாரு போயிப் பாக்கப் போறா?”

பாதி சம்மதத்தோடு, மீதியைக் கோபமாக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். “ஒன்னால என் பட்டம் போச்சுக்கா. இப்ப மார்க்க மாத்தித்தான் எழுதணும், தெரியுமா?” என்று கத்தினேன். அக்கா வாயைத் திறக்கும் முன் தேன்மொழி கேட்டாள்: “அப்ப நாங்க ஜெயிச்சத அவுகளுக்கு எழுதிக் குடுத்துருவீகளா மாமா?”

எம்புட்டோ படித்திருந்த எனக்கு, கட்டுப்பாட்டுக் குழு என்று நான் ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்திருந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் உறைத்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: “உங்கள் ஆய்வு தோற்றதற்கு முதன்மைக் காரணம்?”

“எங்க அக்கா, சார்.”

சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்தவர், “அடுத்த முறை அக்கா இல்லாத ஊராகப் பாருங்கள்” என்று சொல்லித் தேர்ச்சி போட்டுவிட்டார். இன்று ஆசிரியர் கல்லூரியில் ஆராய்ச்சி முறைகள் நடத்துகிறேன். (சிரிக்க வேண்டாம்.)

எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒரு வரிசைக்குப் பாயாசம் வந்து எதிர்வரிசைக்குத் தாமதமானால், யாரும் பரிமாறுகிறவரைத் திட்டுவதில்லை. “பேசாம இருங்க, மாமா ஆராய்ச்சி பண்றாரு” என்பார்கள். தேன்மொழி கல்யாணத்திலும் அப்படி ஒரு குரல் எழும்பி, பந்தியே குலுங்கியது. காலி இலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா ஒன்றும் புரியாமல், மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டார்: “தம்பி எதுல ஆராய்ச்சி பண்றீக?”

“பாயாசத்துலதாங்க” என்று சொல்லிவிட்டு, வாளியை எடுக்க ஓடினேன்.