பஸ்ஸில் போன மாப்பிள்ளை

சிக்னல் எங்கே கிடைக்கிறதோ, ஊர் அங்கேதான் கூடும். எல்கடுவ மலையில் எங்கள் தோட்டத்துக்கு அது பஸ் தரிப்பிடத்தில் மட்டுமே கிடைத்தது. அதனால் அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்களைவிட வாட்ஸ்அப்புக்கு நிற்பவர்களே அதிகம். பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு, கட்டார் போன மகனோடு அழுகை, எல்லாம் அங்கே உட்காரப் போட்டிருக்கும் சீமெந்து வாங்கில்தான். என்னைப் பெண் பார்த்ததும் அதில்தான். (வேறு வழி? எங்கள் லயத்து வீட்டுக்குள் வீடியோ கோல் எடுத்தால் மாப்பிள்ளையின் மூக்கு மட்டும்தான் தெரியும்.)

மாப்பிள்ளை ராஜனுக்குக் குவைத்தில் வேலை. பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக வாங்கில் உட்கார்ந்தேன். அம்மா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். திரையில் ராஜன் சிரித்தார். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், “சாப்பிட்டீங்களா?” என்றேன்.

“இல்லைங்க, இனித்தான்…” அவர் முடிப்பதற்குள் மாத்தளை பஸ் வந்து நின்றது.

ஜன்னல் வழியே ஓர் அக்கா தலையை நீட்டினார். “பொண்ணு பாக்குறாங்களா? மாப்பிள்ளைய எங்களுக்கும் காட்டுங்க!”

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. போனை உள்ளே கொடுத்துவிட்டார். அது கைமாறிக் கைமாறிப் பின்சீட்டுவரை போனது. அந்த நேரம் பார்த்து, கொண்டக்டர் மணியடித்தார். பஸ் புறப்பட்டுவிட்டது, மாப்பிள்ளையோடு!

“ஐயோ, மாப்பிள்ளை போறாரு!” என்று அம்மா அலறினார்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். (ஒலிம்பிக்கில் சேலை ஓட்டம் இல்லாதது நாட்டுக்கு நட்டம்.) “நிப்பாட்டுங்க! அவர இறக்கி விடுங்க!” என்று கத்தினேன். பின்சீட்டில் ஒருவர் போனைப் பின்கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். அதிலிருந்து ராஜன் கையசைத்தார்.

ஓர் ஆட்டோவை மறித்து மாத்தளைவரை துரத்தினோம். பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். கொண்டக்டர் மட்டும் மிதிபலகையில் உட்கார்ந்து ராஜனோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, நல்ல மனுசன். குடிப்பீங்களான்னு கேட்டோம், இல்லன்னாரு. சமைப்பீங்களான்னு கேட்டோம், சமைப்பேன்னாரு. பாடச் சொன்னோம், பாடவும் செஞ்சாரு. பஸ்ஸே சரின்னு சொல்லிருச்சு!”

போனை வாங்கினேன். மை வழிந்த என் முகத்தைப் பார்த்து ராஜன், “நீங்க பின்னாலயே ஓடி வந்தீங்கள்ல, அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். உங்களுக்கு?” என்றார்.

வாயைத் திறந்தேன். போன் பற்றரி செத்துப்போனது.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் சண்டை வந்தால் ராஜன் அவர்களிடம்தான் முறையிடுவார்: “ஒரு பஸ் சனம் சரின்னுச்சு. ஒங்கம்மா இன்னும் சொல்லல.”

“இப்பயாவது சொல்லுங்கம்மா!” என்று இரண்டும் என்னைப் பிடித்து உலுக்கும்.

“யோசிக்கிறேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க.”