டிரம்மர் மாறியதும் நான் பெண் பார்க்கப் போனதும்

அன்று போலாரம் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: என் அம்மா. பெண்ணின் அப்பா, ராணுவ ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் அண்ணன் அந்தோணி. எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த பெண், ஸ்டெல்லா. சுவரில் இயேசு. கடைசியாக மாப்பிள்ளை, அதாவது நான். இவர்களில் வாயைத் திறந்திருக்கக் கூடாதவன் நான் ஒருவன்தான்.

நான் லிப்ட் மெக்கானிக். பத்தாவது பெயில். கச்சிபௌலியில் முப்பது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் தனியாக வேலை. பேச ஆள் கிடையாது. அதற்கு முன் பார்த்த ஆறு இடமும் "பையன் பேசவே மாட்டேங்கிறான்" என்று தட்டிப்போனது. திருமுல்கேரியில் ஆட்டோ ஏறும்போது அம்மா சொல்லிவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா இனிமே நான் எங்கயும் வரமாட்டேன். இன்னிக்காவது வாயைத் திறடா."

திறந்தேன்.

அந்தோணியின் சட்டைக்குள்ளே கறுப்பு பனியன் தெரிந்தது. அதில் ஒரு வெளிநாட்டு மெட்டல் பேண்டின் படம். (பெயர் வேண்டாம். அதன் ரசிகர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.) மோட்டார் சத்தத்தை மீறி என் காதில் விழுந்த ஒரே சங்கீதம் அவர்களுடையதுதான்.

"நீங்களும் கேப்பீங்களா பாஸ்?" என்றான், நான் பனியனையே பார்ப்பதைப் பார்த்து.

"மூணாவது ஆல்பம் வரைக்கும்."

எழுந்து வந்து கை கொடுத்தான். உடனே சண்டையும் வந்தது. மூன்றாவது ஆல்பத்தோடு கிட்டாரிஸ்டும் டிரம்மரும் விலகினார்கள். கிட்டாரிஸ்ட் போனதால்தான் பேண்ட் உருப்படவில்லை என்றான் அவன். டிரம்மர் போனதால் என்றேன் நான். இருபது நிமிடம். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மகன் பேசுகிறான்!

ஸ்டெல்லா டீ கொண்டுவந்தாள்.

"கைக்கு சண்டை?" என்றாள். (எங்கள் ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் எதற்கு.) "புது டிரம்மர்தான் நல்லா வாசிக்கிறாரு. நாலாவது ஆல்பம்தான் பெஸ்ட்."

"அது தகர டப்பா," என்றேன். (நான் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லை. கேட்காமலேயே தெரியும் என்று இருந்தேன்.) "பழைய ஆளோட கை எனக்குத் தெரியும். கண்ணை மூடிட்டே சொல்லுவேன்."

"மூடுங்க," என்றாள்.

ஒரு கையில் டீ, ஒரு கையில் பிஸ்கட்டோடு மூடினேன். அவள் போனில் பத்துத் துண்டு போடுவதாகச் சொன்னாள். பாட்டெல்லாம் பழசு. ஆனால் மேடையில் வாசித்த பதிவுகள். சிலதில் பழையவர், சிலதில் புதியவர். அந்தோணி என் பதிலை எழுதிக்கொண்டான்.

இருட்டில் அவள் அப்பாவின் குரல் கேட்டது.

"ஏம்மா, உங்க பையன் பொண்ணு பாக்கத்தானே வந்தாரு?"

"ஆமாங்க," என்றார் அம்மா, சன்னமாக.

மூன்றாவது துண்டில் எனக்குச் சிலிர்த்துவிட்டது. "இவர்தான்! இந்த அடி வேற எவனுக்கும் வராது," என்றேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எட்டாவதில் முகத்தைச் சுளித்தேன். "புது ஆள். ஆணி அடிக்கிறான்."

பத்தும் முடிந்து கண்ணைத் திறந்தேன். பிஸ்கட் எப்போதோ டீக்குள் போயிருந்தது. ஸ்டெல்லா தாளைப் பார்த்தாள்.

"மூணும் எட்டும் ஒரே பாட்டு. ஒரே கச்சேரி. ரெண்டு தடவ போட்டேன். வாசிச்சது புது ஆள்."

அந்தோணி சோபாவில் சரிந்து சிரித்தான். அவள் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, லிப்ட் ரிப்பேரும் இப்படித்தானா?"

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். ஏழாவதும் போச்சு என்று முகத்தில் எழுதியிருந்தது.

"போன் ஸ்பீக்கர் சரியில்லன்னு சொல்லுங்க பாஸ்," என்று அந்தோணி சிரிப்புக்கு நடுவே வழி காட்டினான்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "தப்பு என் மேலதான். நாலாவது ஆல்பத்தை நான் கேட்டதே இல்ல."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் அவளைச் சரியாகப் பார்த்தேன்.

"டாடி, அண்ணன் இத்தனை வருசமா அந்த கிட்டாரிஸ்ட் கதையவே சொல்றான். ஒரு நாளும் தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல," என்றாள்.

"அதுக்கு?"

"ஹவ், சரின்னு சொல்லிடுங்க. இவரு போதும்."

அம்மா கைப்பையைக் கீழே வைத்தார்.

ஒன்பது வருடம் ஆகிறது. குழம்பில் உப்புக் குறைவு என்று நான் சொன்னால், மகள் "டாடி, ஆங்க் பந்த் கரோ" என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டுமாம். அந்தோணி வந்தால் நான் கண்ணீர் விட்டதை நடித்தும் காட்டுவான்.

போன மாதம் அந்த பேண்டில் டிரம்மர் மறுபடி மாறினார். புது ஆல்பமும் வந்தது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டேன். வீடே சுற்றி நின்றது.

"எப்படி இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

"நல்லா இருக்கு."

இரண்டு வார்த்தை.