அறிவிப்புப் பலகையும் ஆறு லிட்டர் பாலும்

வரட்டா,
விக்டோரியா.
ஜனவரி 18, ஞாயிறு

பெர்த் நகரில் வசிக்கும் மதிப்பிற்குரிய அக்கா ஜோஸ்லின் அவர்களுக்கு, தம்பி ஆங்கஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை. நாய் நலம். கோதுமை அறுவடை முடிந்து மூட்டையெல்லாம் கணக்காகத் தானியக் கிடங்கான சிலோவுக்குப் போய்விட்டது. என் மனைவி மெரடித், மருத்துவமனையில் ஷிப்ட் முடித்து வந்தால் என்னோடு பேசுவதில்லை, அதைத் தவிர அவளும் நலம். மகள் இம்மியைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், அதனால் தாளில் எழுதுகிறேன். தயவுசெய்து சிரிக்காமல் கடைசி வரைக்கும் படி.

பதினாறு வயதாகாத பிள்ளைகளுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டம் வந்ததல்லவா, அது வருவதற்கு முன்னாலேயே நான் அதன் கட்சி. ஊர்க் கூடத்தில் மைக் பிடித்துப் பேசினேன், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். ஏன் என்று உனக்குத் தெரியும். போன செப்டம்பரில் நெட்பால் இறுதிப் போட்டியில் இம்மி கடைசி கோல் போடப் போய் வழுக்கி விழுந்தாள், அதை எவளோ படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, மாடு கத்துகிற சத்தத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். ஒரே வாரத்தில் நாலு ஊர்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். பதினான்கு வயதுப் பெண் மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று போர்வைக்குள் கிடந்தாள் அக்கா. அந்த நாட்களில் அவளை எழுப்பி உட்காரவைத்தது நானும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. டார்சி என்று அவள் வகுப்புப் பெண், அப்பா சிலோவில் வேலை, வாடகை வீட்டில் இருந்தார்கள், தினமும் சாயங்காலம் அதே போனில், அதே கணக்கில், தன் பூனைக்குத் தொப்பி வைத்தும் மூக்குக்கண்ணாடி மாட்டியும் படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டாவது நாள் இம்மி சிரித்தாள்.

சட்டம் டிசம்பர் பத்தாம் தேதி நடைமுறைக்கு வந்தது. உன் தம்பியின் அவசரம் உனக்குத் தெரியாதா, நான் நவம்பர் முப்பதாம் தேதியே, இம்மி குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் கணக்கை அடியோடு அழித்துவிட்டேன். அரசாங்கத்துக்கே பத்து நாள் முந்திக்கொண்டேன் என்று மெரடித்திடம் பெருமை வேறு அடித்தேன். டார்சியின் குடும்பம் அதற்கு முந்தின வாரம்தான் கால்கூர்லி தங்கச் சுரங்கத்தில் வேலை என்று ஊரைக் காலி செய்திருந்தது. பழைய எண் செத்துவிட்டது, புது எண்ணை அந்தக் கணக்கில்தான் அனுப்புகிறேன் என்று டார்சி சொல்லியிருந்தாளாம். இம்மி தலை துவட்டிக்கொண்டே வந்து போனைப் பார்த்தாள். கத்துவாள் என்று நான் தயாராக நின்றேன், கத்தவில்லை.

"அவளுக போட்டத மட்டும் அழிச்சிருக்கலாம்ல அப்பா," என்றாள். "டார்சியையும் சேத்து அழிச்சிட்டியே."

சட்டத்தின் மேல் எனக்கு இப்போதும் குறை இல்லை, என் கை மேல்தான். அறுவடை முடிந்த கையோடு, இந்த ஜனவரியில், நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன். கோடை விடுமுறை, பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, மாதக் கடைசியில்தான் திறப்பார்களாம். சிலோவில் கேட்டால் ஊழியர் விவரம் வெளியே சொல்லக் கூடாதாம். நம் விளையாட்டுக் கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் பழைய ஆட்கள் யாராவது சொல்வார்கள் என்று போனேன், பக்கத்தையே காணோம். உனக்கு ஞாபகம் இருக்கும், வரட்டா கழகமும் பக்கத்து ஊரான பிங்கில் கழகமும் 2011இல் ஒன்றானபோது செயலர் என்ற முறையில் நான்தான் அந்தக் கணக்கைத் திறந்தேன். பிறந்த தேதி என்று கேட்டது. யாருடைய தேதி என்று கேட்கவில்லையே, கழகம் பிறந்த தேதியைப் போட்டேன், நேர்மையாக. இப்போது கழகத்துக்கு வயது பதினான்கு, சின்னப் பிள்ளை என்று சொல்லி இழுத்து மூடிவிட்டார்கள். முகத்தைக் காட்டி வயதை நிரூபி என்றது. காட்டினேன். வயல் வேலை, மூக்கு நிறைய வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு, முகம் தெரியவில்லை என்றது. கழுவிக்கொண்டு வந்து காட்டினேன், கழகத்தின் முகத்தைக் காட்டு என்கிற மாதிரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இம்மியைக் கூப்பிட்டேன். சட்டப்படி நான் அதைத் தொடக் கூடாது, உனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே பழைய வழிக்கு வந்தேன். கடை வாசலில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஊர் அறிவிப்புப் பலகை இருக்கிறதே, அதில் ஒரு தாள் குத்தினேன்: 'டார்சியின் குடும்பம் கால்கூர்லியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதவும். இங்ஙனம், ஆங்கஸ் ட்ரெம்பத், கழகச் செயலர்.' கயிற்றில் பேனாவும் கட்டிவிட்டேன். அந்தப் பேனாவைக் கட்டியதுதான் தப்பு. மறுநாள் போய்ப் பார்த்தால், 'செயலர் பதவிக்குத் தேர்தல் எப்போது?' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே இன்னொருவன் நாய்க்குட்டி விற்கிறான். அதற்கும் கீழே பழைய பிங்கில் கழகத்துக்காரி வால்மா நூஸ்கே ஒரு முழுத் தாள் குத்தியிருக்கிறாள், பிங்கில் கழகம் பிறந்தது 1908இல், 2011இல் நடந்தது பிறப்பு அல்ல, சாவு, பிறந்த தேதி போடத் தெரியாத செயலரால்தான் பக்கம் போயிற்று என்று தொடங்கியது. முதல் பாதியைப் படித்ததுமே எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் பதில் எழுதிப் பெரிதாகக் குத்திவிட்டு வந்தேன். ஒரு பிள்ளை தோழியைக் காணாமல் தவிக்கிறாள், இவளுக்கு 1908 பெரிதாகப் போய்விட்டது. ஈரம் இல்லாத மனுஷி அக்கா.

அப்புறம் என்ன, பதிலுக்குப் பதில். யார் சொல்வது சரி என்று ஊர் ஆட்கள் டிக் போட ஆரம்பித்தார்கள். வால்மாவுக்குப் பதினொன்று, எனக்கு நாலு. அந்த நாலில் இரண்டு நான் போட்டது, வேறு நிற மையில். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்க்காவிட்டால் கை பரபரக்கிறது. சும்மா போனால் கடைக்காரர் என்ன நினைப்பார், அதனால் பால் வாங்குவேன். வெள்ளிக்கிழமை இம்மி குளிர்ப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எத்தன தடவ போன இன்னிக்கு?"

"பால் இல்லன்னு..."

"ஆறு லிட்டர் இருக்குப்பா. சாப்புடும்போது கூட அந்த அம்மா என்ன எழுதிருக்கும்னே யோசிக்கிற. நான் அப்பிடி இருந்தப்ப நீ என்னெல்லாம் சொன்ன?"

என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பலகைக்கும் போனுக்கும் வித்தியாசம் உண்டு, இது ஊர் நலன் என்று மெரடித்திடம் சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்துதான் அவள் பேசுவதில்லை.

பலகையால் பிரயோஜனம் இல்லை என்பது உறுதியாகிவிட்டது அக்கா, இந்த ஊரில் ஒருவருக்கும் டார்சியைப் பற்றி அக்கறை இல்லை. நீதான் கதி. பெர்த்திலிருந்து கால்கூர்லிக்கு காரில் ஆறேழு மணி நேரம் என்று எனக்குத் தெரியும், உன் முழங்கால் வலியும் தெரியும். இருந்தாலும் ஒரு நடை போய், கடைகளில், நீச்சல் குளத்தில், விளையாட்டுத் திடலில் விசாரித்துப் பார். பூனைக்குத் தொப்பி வைக்கிற பெண் என்றால் யாருக்காவது தெரியும். இம்மி சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், போன் அணைந்தே இருக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை.

உன் முழங்கால் குணமாகவும், உன் எலுமிச்சை மரம் இந்த வருஷமாவது காய்க்கவும் நாங்கள் எல்லோரும் வேண்டுகிறோம். நாய் வாலாட்டியதை அதன் அன்பாக எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
ஆங்கஸ்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. நீ எங்கேயும் போக வேண்டாம். இதைத் தபால் பெட்டியில் போடலாம் என்று இம்மியையும் கூட்டிக்கொண்டு கடைப்பக்கம் போனேன். போன இடத்தில் என் கால் பலகைப் பக்கம் திரும்பியது. இம்மி பொறுமை இழந்து, நீ எழுதினதெல்லாம் வீட்டுக்கு வரட்டும் என்று என் தாள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், அந்த இரண்டு பக்கப் பதிலுக்குக் கீழே, வால்மாவின் முதல் தாளின் மறு பாதி இருந்தது. 'அது கிடக்கட்டும். டார்சியின் அம்மா எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியிருந்தாள். முகவரியும் புது எண்ணும் கீழே. பிள்ளை பாவம், உடனே பேசச் சொல்.' பத்து நாளாக அங்கேயே இருந்திருக்கிறது அக்கா, அதன் மேல்தான் நான் ஆணி அடித்திருக்கிறேன். இம்மி கடை வாசலிலேயே போன் செய்தாள். அந்தப் பக்கம் எடுத்ததும் இரண்டு பேரும் அழுதார்கள். நானும் ஐஸ் பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். வால்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், டீ கொடுத்தாள், 1908 என்று எழுதி ஒப்புக்கொள்ளச் சொன்னாள், எழுதிக் கொடுத்தேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் இம்மி விடவில்லை, படித்துப் பார்த்துவிட்டு, அப்படியே போகட்டும், அத்தை நன்றாகச் சிரிக்கட்டும் என்கிறாள். பலகையின் பேனாவையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதைத் தொட வயது வரம்பு ஐம்பது என்று சட்டம் போட்டிருக்கிறாள். எனக்கு ஐம்பதாக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.