அகிலாண்டத்தின் ஜாடிக்குள் ஒரு தோட்டம்

மாட்டுங்கா,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு, அத்திம்பேர் வேங்கடசுப்ரமணியன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதுவது முறை. இவ்விடத்தில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்கும் முழங்கால் வீங்கியிருக்கிறது. அவ்விடம் செம்பூரில் நீயும், உன் அகத்தில் வந்து தங்கியிருக்கும் உன் அக்கா அகிலாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போன் செய்யலாம்தான். நீ ஸ்பீக்கரில் போடுவாய், அவள் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள். ஆகவே கடிதம்.

கண்ணாடி ஜாடிக்குள் செடி வைத்து மூடிவிட்டால் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று ரிட்டயர் ஆன பிறகுதான் படித்தேன். அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்தூள், மண், பாசி, ஒரு சின்னப் பெரணிச் செடி, ஒரு கை தண்ணீர், மூடி, அவ்வளவுதான், உள்ளே ஆவி எழுந்து கண்ணாடியில் படிந்து மறுபடி மழையாக இறங்கும். முதல் ஜாடியை வெயிலில் வைத்தேன், செடி வெந்து கீரை மசியலாகிவிட்டது. இரண்டாவதில் தண்ணீர் அதிகமாகி, அந்த நாற்றத்துக்கு எலி செத்துவிட்டது என்று மாடி முழுவதும் தேடினார்கள். வாய் அகலமான ஜாடி வேண்டும் என்று, உன் அக்கா வடுமாங்காய் போடும் கண்ணாடி ஜாடியைக் காலி செய்தேன். கேட்காமல் செய்தது தப்பு. உப்பு போகாமல் முதலில் வைத்த பாசி கறுத்துப்போனதும் நிஜம். ஏழு தடவை கழுவி மறுபடி வைத்தேன், பிடித்துக்கொண்டது.

அவள் ஜாடிக்காகக் கோபப்படவில்லை பஞ்சு. மறுநாள் மூடியைத் திறந்தாள். "ஏன் திறந்தாய்?" என்று கத்தினேன். "மூச்சு முட்டாதோ அதுக்கு?" என்றாள். அதன் விஞ்ஞானத்தை அரைமணி நேரம் விளக்கிவிட்டு, "திறக்கக் கூடாது" என்று அட்டையில் எழுதி ஜாடியில் மாட்டினேன். அவள் அதை நின்று வாசித்தாள்.

"ஏன்னா, எனக்கு ஜாடியைப் பத்தி ஒண்ணுமில்லே. மூடி வெச்சுட்டா எல்லாம் தானா நடக்கும்னு நெனச்சிண்டிருக்கேளே, அதைத்தான் முப்பத்தாறு வருஷமா பாத்துண்டிருக்கேன்" என்றாள். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு உன் அகத்துக்கு வந்துவிட்டாள்.

இன்றோடு நாற்பத்தேழு நாள் ஆகிறது. நான் அந்த மூடியைத் தொடவில்லை. ஒரு சொட்டு தண்ணீர் விடவில்லை. பாசி பச்சைப் பசேலென்று இருக்கிறது, பெரணி மூன்று புது இலை விட்டிருக்கிறது, ஒரு பழுப்பு இலை கிடையாது, ஒரு பூஞ்சணம் கிடையாது. இந்தப் பக்கம் அடுக்களையில் பால் இரண்டு தடவை பொங்கி அடுப்பில் வழிந்தது, துணி காய்ந்து கொடியிலேயே கிடக்கிறது, அது வேறு விஷயம். நேற்று காலை ஜாடிக்குள் கண்ணாடியோரம் மழை இறங்கியது. "அகிலா, இங்க வா, பாரு" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே நீ அவளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது: யார் கையும் படாமல் அது பிழைத்துவிட்டது, நான் சொன்னதே சரி. அதை ஒப்புக்கொண்டு அவள் திரும்பி வரலாம். நான் பழசைப் பேச மாட்டேன். உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
வேங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு: உறை ஒட்டக் கோந்து கேட்டு எதிர் வீட்டு சாருலதாவிடம் போனேன். "மாமி இந்த வியாழக்கிழமையும் வருவாளா மாமா? நீங்க பென்ஷனர் சங்கத்துக்குக் கிளம்பினதும் எங்கிட்ட சாவி வாங்கிண்டு போவாளே. ஜாடியைத் திறந்து, பழுப்பு இலை, பூஞ்சணம் எல்லாம் ஸ்பூனால எடுத்துட்டு, ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சு மூடிட்டுப் போவா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இந்த வியாழக்கிழமை நான் சங்கத்துக்குப் போகப்போவதில்லை. அவளிடம் சொல்லிவிடாதே, சொன்னால் வரமாட்டாள்.